கூற்றும் பழுதும்: கனரகக் கட்டுமான இயந்திரங்களில் மின்னணுத் தொடர்புப் பழுதறிதல் – புதுச்சேரிக் கடற்கரைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கனரகக் கட்டுமான இயந்திரங்களின் திரையில் தோன்றும் பழுதுக் குறியீடு, பழுதடைந்த உறுப்பையே சுட்டுவதாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. தொடர்புப் பழுதுகளில் அக்குறியீடு ஒரு மின்னணு அலகு மற்றோர் அலகைப் பற்றிச் சொல்லும் கூற்று மட்டுமே. கூற்றுக்குரியது எது என அறியாமல் பொருள்கொண்டால், பழுதற்ற, விலைமிகுந்த அலகு மாற்றப்படும்; பழுதோ கம்பியிலேயே தங்கிவிடும். இதனைப் புதுச்சேரிக் கடற்கரைச் சூழலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கேன் பாட்டை, பழுதுக் குறியீடு, கூற்று, முடிவு மின்தடை, உப்பரிப்பு

முன்னுரை

தமிழ் நாளிதழ்கள் அகழ்வு இயந்திரத்தை இன்றும் ‘பொக்லைன்’ என்றே எழுதுகின்றன. அது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். தமிழ்நாடெங்கும் அச்சொல் வழங்குவதால், புதுச்சேரியிலும் அது பிரெஞ்சு ஆட்சியின் வழி வந்ததன்று, இயந்திரத்தின் வழி வந்தது எனலாம். பெயர் நிலைத்திருக்க, இயந்திரம் மாறிவிட்டது. பழைய பொக்லைனில் பழுது என்றால் எண்ணெயிலோ குழாயிலோ வால்விலோ தேடினால் போதும். இன்றைய இயந்திரத்தில் எஞ்சின், ஹைட்ராலிக் பம்பு, ஓட்டுநர் அறையின் தகவல்திரை ஆகியவற்றுக்குத் தனித்தனி மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் உள்ளன. இந்தியாவில் கட்டுமான ஊர்திகளுக்கான நான்காம் கட்டப் புகை வரையறை 2021 ஏப்ரலிலும் ஐந்தாம் கட்ட வரையறை 2025 சனவரியிலும் நடைமுறைக்கு வந்த பின்னர், மின்னணுக் கட்டுப்பாட்டின் தேவை மேலும் மிகுந்தது.

புதுச்சேரியில் இவ்வியந்திரங்களுக்குக் கடற்கரையிலும் வேலை உண்டு. துறைமுக முகத்துவாரத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் நகரின் கரை அரிக்கப்பட்டது. கரைகாக்கப் பெரும்பாறைகள் அடுக்கப்பட்டன. முகத்துவாரத்தில் சேரும் மணலை அகற்றும் பணியும் மீண்டும் மீண்டும் நேர்கிறது. அலைத்தூவலும் உப்புக்காற்றும் படும் இவ்விடங்களில், இயந்திரத்தின் மின்னிணைப்பிகள் உள்நாட்டுப் பணியிடங்களைவிட விரைவில் அரிப்புக்கு உள்ளாகின்றன.

இரு கம்பிகளின் உரையாடல்

செருமனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் வலையமைப்பே அலகுகளை இணைக்கிறது. முறுக்கிய இரண்டு கம்பிகள் பொதுப்பாட்டையாக நீள, அலகுகள் அதிலிருந்து கிளைபிரிகின்றன. பாட்டை ஓய்ந்திருக்கையில் இரு கம்பிகளும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். ஓர் அலகு பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு உயர, மற்றொன்று 1.5 வோல்ட்டுக்குத் தாழும். கேட்கும் அலகு இவற்றின் வேறுபாட்டை மட்டுமே கொள்வதால், இரண்டையும் ஒருசேரத் தாக்கும் இரைச்சல் பொருளைக் கெடுப்பதில்லை.

கட்டுமான இயந்திரங்களில் இவ்வலையமைப்பின்மேல் பரவலாக வழங்கும் மொழி ஜே1939 என்னும் தரநிலை. அதில் ஒவ்வொரு செய்தியும் அனுப்பும் அலகின் முகவரியைத் தாங்கி வரும். எஞ்சின் அலகுக்குரிய முகவரி 0. பழுதுச் செய்தியில் எப்பொருளைப் பற்றியது என ஓர் எண்ணும், எவ்வகைக் குறை என இன்னோர் எண்ணும் இருக்கும். எடுத்துக்காட்டாக 190 என்பது எஞ்சின் சுழல்வேகம். குறைவகை 9 என்பது உரிய கால இடைவெளியில் செய்தி வாராமை.

கூற்றை வகுத்தல்

திரையில் ‘190–9’ எனக் கண்டவுடன் எஞ்சினைச் சந்தேகிப்பது இயல்பே. எனினும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். தன் வேகத்தை அதன் அலகு அறிந்தும் இருக்கலாம். ‘எனக்குச் செய்தி வரவில்லை’ எனச் சொல்வது மற்றோர் அலகு. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர் ஆகியவற்றைச் செய்யுளுறுப்புகளாக எண்ணுகிறது. அகப்பாடலில் பேசுவது தலைவியா தோழியா எனத் துணியாமல் உரைகாண இயலாதது போன்ற நிலைதான் இங்கும்.

திரைக்கு மட்டும் எஞ்சின் செய்தி வரவில்லை, பம்பு அலகுக்கு வருகிறது என்றால், குறை திரையின் கிளையிலோ திரையிலோ உள்ளது. திரையும் பம்பு அலகும் எஞ்சினைப் பற்றி ஒருங்கே முறையிட்டால் எஞ்சின் அலகின் மின்வழங்கல், உருகி, புவியிணைப்பு, கிளைக்கம்பி ஆகியவற்றை முதலில் நோக்க வேண்டும். ஒவ்வோர் அலகும் மற்ற எல்லாவற்றையும் குறைகூறினால் பொதுப்பாட்டையே ஐயத்திற்குரியது.

இவ்வகுப்பிலும் ஒரு விலக்கு உண்டு. செய்தி அனுப்புவதில் பிழை நேரும் ஒவ்வொரு முறையும் அலகின் பிழைக்கணக்கு 8 கூடும். அக்கணக்கு 255ஐக் கடந்தால் அந்த அலகு தானே பாட்டையிலிருந்து விலகிவிடும். தொடர்ந்து 32 பிழைகள் போதும். கம்பியின் கோளாறால் ஓர் அலகு பேசாதிருக்க நேரும் என்பதே இதன் பொருள். மௌனத்தை மட்டும் சான்றாகக் கொண்டு அலகை மாற்றுவோர் ஏமாறும் இடம் இதுவே.

அறுபது ஓம்

பொதுப்பாட்டையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் உள்ளன. மின்கலத் தொடர்பைத் துண்டித்து, பழுதறி இணைப்பியின் இரு கேன் முனைகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனைத்தடை இல்லை, அல்லது பாட்டை அறுந்துள்ளது. 40 வந்தால் எவரோ மூன்றாவது தடையைச் சேர்த்துள்ளனர். சுழியத்தை ஒட்டி வந்தால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

அறுபது வந்துவிட்டால் பாட்டை நலமென முடிவுகட்டுவது தவறு. கிளைக்கம்பி அறுந்திருந்தாலும், ஒரு கம்பி மட்டும் இயந்திரச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அளவு 60 ஆகவே இருக்கும். மின்சாரத்தை இணைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே மின்னழுத்தம் அளந்தால்தான் இரண்டாவது குறை புலப்படும். சட்டத்தைத் தொடும் கம்பி சுழியத்தை ஒட்டி நிற்கும்.

உப்பும் ஊசித்துளையும்

கடற்கரையில் மிகவும் ஏமாற்றுவது இடைவிட்டுத் தோன்றும் பழுது. இணைப்பியின் முத்திரைவளையம் தளர்ந்து உப்புநீர் புகுந்தால் உலோக முனைகளில் அரிப்பு படரும். இயந்திரம் நிற்கும்போது தொடர்பு இருக்கும்; பாறையை இறக்கும் அதிர்வில் ஒரு கணம் அறும். பணிமனைக்குக் கொண்டுவந்து அளந்தால் குறை தென்படாது. அளவியை இணைத்தபடியே கம்பித்தொகுதியை இணைப்பிதோறும் அசைத்துப் பார்ப்பதே எளிய வழி. எண் துள்ளும் இடத்தில் இணைப்பியைத் திறந்து பச்சை அல்லது வெண்படிவம் உள்ளதா என நோக்க வேண்டும்.

பழுதறியும் செயலே பழுதை விதைப்பதும் உண்டு. கம்பியின் காப்புறையை ஊசியால் துளைத்து அளவெடுப்பது பணியிடங்களில் காணப்படும் பழக்கம். அத்துளைவழிப் புகும் உப்புநீர் நுண்புழைமையால் செம்பு இழைகளினூடே பரவும். அரிப்பு துளையிலிருந்து நெடுந்தொலைவு சென்றபின், வெளியே காப்புறை புதிதாகவே தோன்றும். இணைப்பியின் பின்புறத்தில் முத்திரையைக் கிழிக்காத மெல்லிய ஆய்வுமுனையைச் செருகி அளப்பதும், பயன்படாத முனைக்குழிகளை அடைப்பான்களால் மூடிவைப்பதும் உப்புக்காற்றில் உழைக்கும் இயந்திரத்திற்குக் கட்டாயத் தேவை. முன்பே துளைக்கப்பட்ட கம்பியைக் கண்டால், ஒட்டுநாடா சுற்றி விடாமல், அரிப்பற்ற செம்பு தெரியும்வரை வெட்டி நீக்கிப் புதிய கம்பியை இணைக்க வேண்டும்.