பார்டர் சுகருக்கு நாவல் பழம் போதுமா?

இரத்தப் பரிசோதனையில் "பார்டர் சுகர்" என்று வந்தால், நம் வீடுகளில் சிலர் "இன்னும் சர்க்கரை வரவில்லையே" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் நாவல் பழம் சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள்.

பெர்ரி வகைப் பழங்களால் பயன் உண்டா? உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 23 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே அளவு ஸ்ட்ராபெரியில் சுமார் 8 கிராம்தான். நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும். புளூபெரிக்கும் நம் ஊர் நாவலுக்கும் கருநீல நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்ற சத்தும் உதவக்கூடும். 2010இல் அமெரிக்காவில் 32 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய ஆய்வில், புளூபெரி கொடுக்கப்பட்டவர்களின் உடலில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. அதை வைத்துப் பழத்தையே மருந்தாக்கிவிட முடியாது.

பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள். ஜூஸ் வேண்டாம், 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், புளூபெரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் வந்தது. தேன் நெல்லிக்காய், ஜாம் இரண்டும் இனிப்புப் பண்டங்களே. மாலை டீயோடு சாப்பிடும் பிஸ்கட்டுக்கும் சமோசாவுக்கும் பதிலாக ஒரு கைப்பிடி பழம் என்றால்தான் பலன். பிரியாணியும் பீர்னியும் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் பழமும் என்றால் சர்க்கரை கூடத்தான் செய்யும்.

பழத்தைவிடப் பெரிய மருந்து நடையும் உணவுக் கட்டுப்பாடும். இந்த நிலையில் இருந்தவர்களைச் சென்னை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39 பேருக்குத்தான்.

எனவே தினமும் அரை மணி நேரம் நடப்போம். வீட்டுப் பெண்களுக்கும் அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுப்போம். வருடம் ஒருமுறை பரிசோதிப்போம். மருத்துவர் தந்த மாத்திரையை, நாவல் கொட்டைப் பொடியை நம்பி யாரும் நிறுத்திவிட வேண்டாம். இது திரும்பி வர வழியுள்ள கட்டம். இன்ஷா அல்லாஹ், இப்போதே திரும்பிவிடுவோம்.