ஆயிரம் மைல் ஓட்டம்

விரைந்து செல்ல விழைதல் மக்கட்கு இயல்பு. மனிதன் குதிரையை அடக்கினான், தேரைச் செய்தான், நீராவியை ஏவல் கொண்டான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோட்டார் வண்டியையும் கண்டான். அவ்வண்டியை வெறும் ஊர்தியாகக் கொள்ளாது, கண்ணுக்கினிய கலைப்பொருளாகவும் ஆக்கிய பெருமை இத்தாலி நாட்டிற்கு உண்டு. அந்நாட்டார் நடத்திய பெரும் பந்தயம் ஒன்றின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

இத்தாலியின் வடபகுதியே மோட்டார்த் தொழிலின் பிறப்பிடம். டூரின் நகரில் 1899-இல் ஃபியட் நிறுவனமும், 1906-இல் லான்சியா நிறுவனமும் தோன்றின. மிலான் நகரில் 1910-இல் ஆல்ஃபா என்னும் நிறுவனம் எழுந்தது. 1915-இல் நிக்கோலா ரோமியோ என்பார் அதனை ஏற்று நடத்தலானார். ஆகவே அது பின்னர் ஆல்ஃபா ரோமியோ எனப் பெயர் பெற்றது. பொலோஞா நகரில் மசராட்டி உடன்பிறந்தார் 1914-இல் தொழிற்கூடம் கண்டனர். அந்நகரச் சதுக்கத்தில் நிற்கும் கடல்தெய்வச் சிலையின் கையிலுள்ள முத்தலை வேலையே அவர்கள் தம் வண்டிக்குச் சின்னமாகக் கொண்டனர்.

இந்நகரங்களில் குதிரை வண்டிகளுக்குக் கூண்டு செய்து வந்த தொழிலாளர் பலர் இருந்தனர். குதிரைகள் மறைந்து மோட்டார் வந்தபோது அவர்தம் கைத்திறன் மறைந்திலது. மரத்தாற் செய்த வடிவத்தின்மேல் உலோகத் தகட்டை வைத்துச் சுத்தியாற் சிறுகச் சிறுகத் தட்டி, வண்டியின் உடலை உருவாக்கினர். அவருள் தலைசிறந்தவர் பத்திஸ்தா ஃபரீனா ஆவர். 1930-இல் டூரினில் அவர் நிறுவிய பட்டறை பினின்ஃபரீனா என உலகப் புகழ் எய்தியது. அவர் வடிவமைத்த சிசிட்டாலியா என்னும் வண்டி 1951-இல் நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சிற்பங்களும் ஓவியங்களும் வைக்கும் கூடத்தில் மோட்டார் வண்டி இடம்பெற்றது எத்துணை வியப்பு!

இனிப் பந்தயத்திற்கு வருவோம். பிரேசியா என்னும் நகரம் 1921-இல் நாட்டின் பெரும்பந்தயத்தைத் தன் எல்லையில் நடத்தியது. மறு ஆண்டே மிலானுக்கு அருகிலுள்ள மோன்சாவில் புதிய ஓட்டக்களம் அமைந்தது. பந்தயமும் அங்கே சென்றுவிட்டது. இதனால் மனம் நொந்த பிரேசியா நகரத்தார், அதனினும் பெரியதொரு பந்தயத்தைத் தாமே தொடங்க எண்ணினர். மாஜி, மஸ்ஸோத்தி, காஸ்தாஞேத்தோ, கனெஸ்திரீனி என்னும் நண்பர் நால்வர் அதற்குத் திட்டம் வகுத்தனர். பிரேசியாவிற் புறப்பட்டு, உரோமாபுரியை எட்டி, மீண்டும் பிரேசியாவையே அடைய வேண்டும். தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்; இக்கால மைல் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் மைல். ஆகவே அதற்கு ‘மில்லே மீலியா’, அஃதாவது ‘ஆயிரம் மைல்’ எனப் பெயரிட்டனர்.

இப்பந்தயம் தனிக்களத்தில் நடைபெற்றதன்று. மாட்டு வண்டிகளும் மிதிவண்டிகளும் நாள்தோறும் செல்லும் பொதுச் சாலைகளே ஓட்டக்களம். மலையேறி, பாலங்கள் கடந்து, ஊர்களின் நடுவே வண்டிகள் பறந்தன. வழிநெடுக மக்கள் திரண்டு நின்று கண்டுகளித்தனர். அவர்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே பெரும்பாலான இடங்களில் தடுப்பு எதுவும் இருந்திலது.

1927-இல் நடந்த முதற்பந்தயத்தில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். 1930-இல் நுவொலாரி என்னும் பெருவீரர் 100 கிலோமீட்டரைக் கடந்தார். 1955-இல் ஆங்கிலேயராகிய ஸ்டர்லிங் மாஸ், ஜெர்மானிய மெர்சிடிஸ் வண்டியில் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் ஓடி முடித்தார். காலை 7 மணி 22 நிமிடத்திற்குப் புறப்பட்டமையால் அவர் வண்டியின் எண் 722. அருகிலிருந்த ஜென்கின்சன் என்பார், வழியின் வளைவுகளையெல்லாம் முன்னரே நீண்ட தாட்சுருளில் எழுதி வைத்திருந்தார். எந்திரத்தின் பேரொலியிற் பேச்சுக் கேளாதாகலின், அவற்றைக் கைக்குறியால் உணர்த்தினார். அவர்கள் சென்ற சராசரி வேகம் ஏறத்தாழ 157 கிலோமீட்டர்.

மாணவர்களே, இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 28 ஆண்டுகளில் வேகம் இருமடங்காயிற்று. வேகம் இருமடங்கானால் ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் நான்மடங்காகும் என்பது இயற்பியல் கூறும் உண்மை. வண்டிகள் மாறின, ஆனால் அவை ஓடியவை ஊர் நடுவே செல்லும் பொதுச் சாலைகளே. ஓரத்தில் நின்றவரும் பழையபடியே நின்றனர்.

முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1938-இல் பொலோஞா நகரில் ஒரு வண்டி நிலைதவறிக் கூட்டத்திற் பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அவருள் எழுவர் குழந்தைகள். அரசு பந்தயத்தைத் தடுத்தது. ஆயினும் போருக்குப்பின் 1947-இல் அது மீண்டும் உயிர்பெற்றது. ஏன்? புகழும் பொருளும் அதனோடு பிணைந்திருந்தன.

மொடேனா நகரத்தவரான என்சோ ஃபெராரி, தம் பெயர் தாங்கிய முதல் வண்டியை 1947-இல் வெளியிட்டார். பாயும் கருங்குதிரை அவ்வண்டியின் சின்னம். முதல் உலகப்போரில் மாண்ட விமான வீரர் பராக்காவின் சின்னம் அது. அவ்வீரரின் தாயே அதனைத் தமக்கு வழங்கியதாக ஃபெராரி கூறியுள்ளார். பந்தயத்தில் ஓடுதற்குப் பொருள் வேண்டியே அவர் செல்வர்க்கு வண்டி விற்றார். பந்தயத்தில் வென்ற புகழே அவ்வண்டிகளை விற்றது. 1949-இல் பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடந்த 24 மணிப் பந்தயத்தில் ஃபெராரி வண்டி வென்றது. அதனைப் பெரும்பொழுது ஓட்டிய லூயிஜி கினேத்தி, பின்னர் அமெரிக்காவில் அவ்வண்டிகளை விற்பவரானார். இத்தாலிய வண்டியை உடையராதல் கடல்கடந்த நாடுகளிலும் செல்வத்தின் அடையாளமாயிற்று.

1957-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வந்தது. பன்முறை முயன்றும் வெற்றி காணாத தாருஃபி என்னும் ஐம்பது அகவை வீரர் அன்று முதலாவதாக வந்தார். இவ்வெற்றிக்குப்பின் பந்தயத்தை விட்டுவிடுவதாகத் தம் மனைவிக்குக் கொடுத்த சொல்லைக் காத்து, அன்றோடு ஓய்ந்தார். ஆனால், அவ்வெற்றியைக் கொண்டாட எவர்க்கும் மனம் வந்திலது. பிரேசியாவை நெருங்கும் வழியில், குயிதிஸ்ஸோலோ என்னும் சிற்றூருக்கு அருகே, நேரான சாலையில் ஓடிய மற்றொரு ஃபெராரி வண்டியின் சக்கரப்பட்டை வெடித்தது. வண்டி கூட்டத்தினுட் புகுந்தது. அதனை ஓட்டிய 28 அகவையினரான ஸ்பானியப் பிரபு போர்த்தாகோவும், உடனிருந்த நெல்சனும், வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் உயிர் துறந்தனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் குழந்தைகள்.

போர்த்தாகோ இடர் அறிந்தே ஏறினார். அக்குழந்தைகளோ தம் ஊர்ச் சாலையோரத்தில் நின்றமையன்றி வேறொன்றும் செய்திலர். ஃபெராரிமீது வழக்குத் தொடரப்பட்டது. 1961-இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஆயின் பொதுச் சாலையில் வேகப்பந்தயம் நடத்துதலை அரசு ஒழித்தது. மில்லே மீலியா வேகப்பந்தயமாக அன்றோடு முடிந்தது.

1977 முதல் அதே பெயரில் வேறொரு விழா நடைபெறுகின்றது. அக்காலத்துப் பழைய வண்டிகளே அதிற் கலந்துகொள்கின்றன. விரைந்து வருவோர்க்கு அங்குப் பரிசில்லை. குறித்த நேரத்திற்குக் குறித்த இடத்தை அடைவோர்க்கே பரிசு. இன்றும் அச்சாலையோரங்களிற் சிறுவர்கள் நின்று கையசைத்து மகிழ்கின்றனர்.

அழகிய வண்டியைப் படைத்தல் அறிவின் சிறப்பு. அதனை அஞ்சாது செலுத்துதல் ஆண்மையின் சிறப்பு. ஓரத்தில் நிற்கும் ஒரு குழந்தையின் உயிரை அவ்விரண்டினும் மேலாக மதித்தலே அறத்தின் சிறப்பு. இத்தாலிய மக்கள் அதனைப் பெருந்துயர் உற்ற பின்னரே உணர்ந்தனர். வண்டி செலுத்தும் காலம் உங்கட்கும் வரும். அப்போது அவ்வூர்க் குழந்தைகள் ஐவரையும் நினைவிற் கொள்ளுங்கள்.