உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க பாஸ்!

ஈ.சி.ஆர்-ல பைக் எடுத்துக்கிட்டு பாண்டிச்சேரி கிளம்புற பார்ட்டியா நீங்க? மரக்காணம் பக்கம் பாத்தி பாத்தியா பளபளக்கும் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. வெள்ளைக் குவியல் முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு பறந்துடுவோம். ஆனா அந்தப் பாத்தியில் ஓடுற கெமிஸ்ட்ரி உங்க வீட்டு சமையல்கட்டு வரைக்கும் வருது. எப்படின்னு கேளுங்க.

பாத்தியில் உப்புத்தண்ணி வெயிலில் காயக் காய அடர்த்தி ஏறும். சுமார் 25 டிகிரி பாமே வந்ததும் சோடியம் குளோரைடு, அதாவது நம்ம சாப்பாட்டு உப்பு, படிய ஆரம்பிக்கும். அதை வாரிக் குவிச்சதும் மிச்சமாகிற கசப்புத் தண்ணியில் மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிடும். அதை வடிச்சு விட்டுடுவாங்க.

உப்பளத்தில் ஒதுக்கப்படும் இந்தப் பொட்டாசியத்துக்கு 'லோ சோடியம்' உப்பில் ராஜமரியாதை! சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துட்டு, பொட்டாசியம் குளோரைடு சேர்க்குறதுதான் இதோட ஃபார்முலா.

யாருக்கு நல்லது? யாருக்கு ஆபத்து?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா உப்பு போதும்ங்குது உலக சுகாதார நிறுவனம். பி.பி. உள்ளவங்களுக்கு சோடியம் குறையுறது நல்ல விஷயம்தான். வீட்டு உப்புக்குப் பதிலா இந்த மாற்று உப்பைப் பயன்படுத்தலாம்னு 2025 ஜனவரியில் அதே நிறுவனம் பரிந்துரையும் செஞ்சது.

ஆனா அதுக்குள்ளேயே ஒரு 'பிரேக்' இருக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. சிறுநீரகம் சரியா வேலை செய்யலைன்னா பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். சில பி.பி. மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கும். பி.பி., கிட்னி ரெண்டு பிரச்னையும் சேர்ந்தே இருக்கிற தாத்தா, பாட்டிங்க எத்தனை வீட்ல இருக்காங்க! 'தாத்தாவுக்கு நல்லது'ன்னு நாம ஆசையா வாங்கிட்டுப் போற பாக்கெட்டே வினையாகலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

உப்பு விஷயத்தில் நம்ம சட்டம் ஒண்ணும் தூங்கலை. அயோடின் இல்லாத உப்பை நேரடியா சாப்பிட விற்கக் கூடாதுங்கிற தடை 2000-ல் விலக்கப்பட்டு, 2006-ல் திரும்ப வந்தது. 2011-லிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியாவே இருக்கு. நோயாளிகளுக்கான மருத்துவ உணவு டப்பாவில் 'மருத்துவர் ஆலோசனையோடு மட்டும்' என்ற வாசகம் இருக்கணும்னு 2016 விதிகள் சொல்லுது.

சரி, அதை எந்த மொழியில் போடணும்? இங்கேதான் இடிக்குது. 2020 லேபிள் விதிப்படி ஆங்கிலம் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தி இருந்தா போதும். தமிழ் கூடுதலா போடலாம், ஆனா கட்டாயமில்லை. விடிகாலையில் மரக்காணத்துப் பாத்தியில் இறங்கி உப்பு வாருற அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்னா, கடையில் அவங்க வாங்குற உப்பில் என்ன இருக்குன்னு அவங்களுக்கு யார் சொல்றது? எச்சரிக்கைங்கிறது யாருக்காகவோ, அவங்களுக்குப் புரிஞ்சாதானே அது எச்சரிக்கை?

நோட் பண்ணிக்கோங்க

* பாக்கெட் முன்பக்கம் விளம்பரம், விஷயம் பின்பக்கம். 'பொட்டாசியம் குளோரைடு' அல்லது ஐ.என்.எஸ். 508-னு இருக்கா பாருங்க.
* வீட்ல யாருக்காவது கிட்னி பிரச்னைன்னா, உப்பை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க.
* இந்துப்பு, கல்லுப்பு எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அளவு முக்கியம்.
* படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு லேபிளைத் தமிழில் வாசிச்சுக் காட்டுங்க. அந்த ரெண்டு நிமிஷம் ஒரு உயிரைக் காப்பாத்தலாம்!