ஆடும் கியர்க் கோலும் அதன் பரிகாரமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். தேர் போய் வான் வந்த பின்னரும் அம்மொழி பொய்க்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வான் ஒருநாள் நின்றுவிடின், அதனை நம்பிய குடும்பத்தின் அன்றைய வருவாயும் நின்றுவிடுகின்றது. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற முனைகையில் கோல் பிடிகொடாது ஆடுமாயின், வண்டியில் இருப்போர் உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வேளையில், "கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மலைத்துப் போகின்றோம். பெரும்பணம் செலவிடுமுன் சற்றே ஆராய்தல் நன்று. குற்றம் பெட்டியில் இன்றி, கோலையும் பெட்டியையும் இணைக்கும் தொடுப்பில் இருத்தல் கூடும்.

சாரதி முன் அச்சின்மேல் அமர்ந்து ஓட்டும் வான்களில், கியர்ப் பெட்டி அவருக்குப் பின்னால், தளத்தின் கீழே உள்ளது. 1967 இல் வெளிவந்த ரொயோட்டா ஹயேஸ் இனத்துப் பழைய வான்கள் பலவற்றில், கியர்க் கோல் ஸ்டியறிங் தண்டிலேயே அமைந்திருந்தது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வானிலோ பெட்டி பின்புறத்தில் இருந்தமையால், வண்டியின் அடியில் நீண்டோடும் தண்டே கையசைவை அங்குக் கொண்டு சென்றது.

சாரதியின் கை இரு தொழில் புரிகின்றது. வரிசையைத் தெரிவது ஒன்று. அவ்வரிசையில் தள்ளியோ இழுத்தோ கியரை விழுத்துவது மற்றொன்று. பல வான்களில் இவ்விரண்டையும் இரு தண்டுகளோ இரு கேபிள்களோ எடுத்துச் செல்கின்றன. அவற்றின் மூட்டுகளிலே இறப்பர் அல்லது நைலோன் புஷ்கள் உள. சேறும் வெப்பமும் அவற்றைத் தின்கின்றன. மூட்டொன்றில் நூலளவு தளர்ச்சியே எனினும், நாலைந்து மூட்டுகள் சேர, கோலின் நுனி பெரிதும் ஆடுகின்றது.

சோதிக்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். தொடுப்பைக் கழற்றினால் வண்டி கியரில் நில்லாது உருளலாம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே புகுதல் ஒருபோதும் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

இயந்திரம் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர், அது ஓடுகையில் முரண்டுமாயின், முதலில் கிளச்சையே ஐயுறுக. நின்ற நிலையிலும் தடுமாறுமாயின், ஒருவர் கோலை அசைக்க, மற்றொருவர் கீழிருந்து நோக்குக. கோல் அசைந்தும் பெட்டியின் பக்கத்து நெம்பு அசையாவிடின், இடையிலுள்ள மூட்டொன்று தேய்ந்தது என்பது வெளிப்படை. நெம்பு முழுதும் அசைந்தும் கியர் விழாவிடின், அப்பொழுதே பெட்டியை ஐயுறல் தகும்.

தண்டைக் கழற்றுமுன் அதன் நீளத்தைக் குறித்துக்கொள்க. பிளவு ஆணியை நீக்கி, பழைய புஷ்ஷை எடுத்து, முளையைத் துடைத்துப் பார்க்க. முளை ஒருபுறம் தேய்ந்திருப்பின் அதனையும் மாற்றுக; அன்றேல் புதிய புஷ் நெடுநாள் நில்லாது. நைலோன் புஷ்ஷைச் சுடுநீரில் இட்டால் இளகி எளிதில் அமரும். பழைய பிளவு ஆணியை மீண்டும் இடலாகாது. கேபிளின் கம்பி பிரிந்திருப்பின் முழுவதையும் மாற்றுவதே முறை. கம்பியால் கட்டும் உபாயம் கராஜ் வரை செல்வதற்கே உதவும்.

இறுதியில் கோலையும் பெட்டியின் நெம்பையும் நியூட்ரலில் வைத்து, முளை தானாகவே துளையிற் புகும் அளவுக்குத் தண்டின் நீளத்தைத் திருத்தி, நட்டை இறுக்குக. ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களையும் நின்ற நிலையிலே சோதித்த பின்னரே வீதிக்கு இறங்குக.

இத்துணையும் செய்த பின், ஓட்டுகையில் கோலின்மேல் கையை ஊன்றியிருக்கும் பழக்கத்தையும் விட்டொழிப்போமாக. கோல் பிடித்து மாற்றுதற்கு உரியது. கையை இளைப்பாற்றுதற்கு அன்று.