உயில் இருக்கு, புரொபேட் எதுக்கு?

வீட்டில் ஒருவர் இறந்து காரியமெல்லாம் முடிந்ததும் காகித வேலை ஆரம்பிக்கும். அப்போது நாலு வார்த்தைகள் மாறி மாறிக் காதில் விழும்: நாமினி, வாரிசுச் சான்றிதழ், சக்சஷன் சர்டிபிகேட், புரொபேட். நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். நம்ம கேள்வி எது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

என் பெரியப்பா தன் உயிலில் என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தார், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது. அதற்காகத் தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். சென்னை நகருக்குள் ஒரு சின்ன வீடு. பெரியம்மா முன்னமே போய்விட்டார். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கல்யாணம் ஆகாத என் அத்தை, பெரியப்பாவின் தங்கை, முப்பது வருஷமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார். வீட்டை அத்தைக்கு எழுதி வைத்திருந்தார் பெரியப்பா. உயில் நிற்கவில்லை என்றால் அத்தைக்கு ஒன்றும் கிடையாது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அந்த வகுப்பில் ஒருத்தர் இருந்தாலும் தங்கைக்குப் பங்கு வராது. (தாய் முதல் வகுப்பு, தந்தை இரண்டாம் வகுப்பு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.)

நாலு காகிதம், நாலு கேள்வி

வங்கியோ கம்பெனியோ யார் கையில் பணத்தைக் கொடுக்கலாம் என்ற கேள்விக்குப் பதில் நாமினி. அவர் வாங்கிக்கொள்கிறவர், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023-லும் இதையேதான் சொன்னது.

இறந்தவருக்குச் சட்டப்படி யார் யார் உறவு என்று தாசில்தார் விசாரித்துத் தரும் பட்டியல்தான் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மூலமாக விண்ணப்பிக்கலாம். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது. எங்கள் பெரியப்பா விஷயத்தில் அதில் இரண்டு அண்ணன்கள் பெயர்தான் வந்தது. அத்தை பெயர் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அத்தை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அந்தத் தாள் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் தாள் இல்லை என்று புரியவைக்கவே ரெண்டு நாள் ஆச்சு.

சக்சஷன் சர்டிபிகேட்டை நீதிமன்றம்தான் தரும். இறந்தவருக்கு வரவேண்டிய கடன், டெபாசிட், பங்குகள் மாதிரியான அசையும் சொத்துக்கு மட்டுமே அது. வீடு, நிலத்துக்கு உதவாது.

புரொபேட் என்பது, 'இது இறந்தவரின் கடைசி உயில்தான், முறைப்படி எழுதப்பட்டதுதான்' என்று நீதிமன்றம் முத்திரை போட்டுத் தருவது. உயிலில் பெயர் உள்ள எக்ஸிகியூட்டருக்கு மட்டும்தான் புரொபேட் கிடைக்கும். உயிலில் எக்ஸிகியூட்டரே இல்லை என்றால், உயிலை இணைத்து 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்க வேண்டும்.

மதுரைக்கு வேண்டாம், மயிலாப்பூருக்கு ஏன்?

ஊரில் நிலத்தை உயில் மூலம் வாங்கியவர்கள் 'எங்களை யாரும் புரொபேட் கேட்கலையே' என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம், வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும்தான் பொருந்தியது. அந்தக் கோடு அப்படியே 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 57, 213 பிரிவுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் எழுதிய இந்து உயிலோ, அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலம் பற்றிய உயிலோ, புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட உதவாது. மதுரையில் எழுதி மதுரை நிலத்தைப் பற்றியது என்றால் இந்தக் கட்டாயம் இல்லை. இந்த வித்தியாசம் நியாயமா என்று வழக்கு போய், 2001-இல் உச்ச நீதிமன்றம் 213-ஆம் பிரிவு செல்லும் என்றது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. எங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் 'இனி புரொபேட்டே கிடையாது' என்று சிலர் சொல்வது தவறு. போனது கட்டாயம் மட்டும்தான். வேண்டும் என்பவர்கள் இன்றும் கேட்டு வாங்கலாம். யாராவது உயிலை மறுத்தால் அதை நிரூபிக்க வேண்டிய பாரமும் அப்படியேதான் இருக்கிறது.

எப்படி நடக்கும்?

இறந்து ஏழு நாள் ஆகும்வரை புரொபேட் தர முடியாது. சென்னையில் உயர் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம். மனுவோடு அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரமும் மதிப்பும், நெருங்கிய வாரிசுகளின் பெயர், முகவரி எல்லாம் போக வேண்டும். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், கிடைக்கக்கூடியவராக இருந்தால், அவரும் உறுதிமொழி தர வேண்டும்.

வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று ஒப்புதல் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் அவர்களுக்கு நோட்டீஸ் போகும். பொது அறிவிப்பும் உண்டு. யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால், மனு ஒரு முழு வழக்காக மாறி, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று நீளும்.

பெரிய அண்ணன் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிட்டார். சின்ன அண்ணன் நாலு மாசம் பதிலே சொல்லவில்லை. எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. உயில் சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்கு எண்பது வயசு. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும், அதை நிரூபிக்க ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்பது சட்டம். சாட்சி யாருமே உயிரோடு இல்லை என்றால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்க இடம் உண்டு, ஆனால் அது கஷ்டமான பாதை. அதனால் அண்ணனுக்காகக் காத்திராமல் பெரியவரின் பிரமாணப் பத்திரத்தை முதலில் வாங்கி மனுவைப் போட்டோம். கடைசியில் சின்ன அண்ணனும் கையெழுத்துப் போட்டார். மொத்தம் பதினாலு மாசம் ஆச்சு.

தெரிந்துகொண்ட சில விஷயங்கள்

ஒன்று, புரொபேட் நீதிமன்றம் உயில் உண்மையா என்று மட்டும்தான் பார்க்கும். எழுதியவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்பது வேறு வழக்கு.

இரண்டு, உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்வது நல்லது, ஆனால் பதிவு செய்த உயிலுக்கும் சாட்சி வேண்டும்.

மூன்று, புரொபேட் கையில் வந்ததோடு எக்ஸிகியூட்டர் வேலை முடியாது. ஆறு மாசத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

நான்கு, உயில் எழுதுகிறவர்களுக்கு: சாட்சியாக உங்களைவிட வயதில் சின்னவர்களைப் பிடியுங்கள். அவர்களுடைய முழு முகவரியை எழுதி வையுங்கள். அசல் எங்கே இருக்கிறது என்று எக்ஸிகியூட்டரிடம் சொல்லிவிடுங்கள். வாரிசு அல்லாத ஒருவருக்கு எழுதுகிறீர்கள் என்றால், ஏன் என்று உயிலிலேயே ரெண்டு வரி சேருங்கள். பெரியப்பா அப்படி எழுதியிருந்தார். சின்ன அண்ணன் கடைசியில் கையெழுத்துப் போட்டதற்கு அந்த ரெண்டு வரிதான் காரணம் என்று அவரே சொன்னார்.