அரை டன் குதிரைக்கு பிரேக் எங்கே?

மைதானத்தில் முக்கோணமாக மூன்று பீப்பாய்கள். குதிரையில் பாய்ந்து வரும் பெண் முதல் பீப்பாயை ஒரு சுற்று, இரண்டாவதை ஒரு சுற்று, கோடியில் இருக்கும் மூன்றாவதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புறப்பட்ட கோட்டை நோக்கி விரட்டுகிறார். கெட்டிக்காரக் குதிரைக்கு இத்தனைக்கும் 17, 18 வினாடி போதும். பீப்பாய் கவிழ்ந்தால் 5 வினாடி தண்டனை. அமெரிக்காவின் ரோடியோ விழாக்களில் நடக்கும் 'பேரல் ரேஸ்' இதுதான். 1948-ல் டெக்சாஸில் பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு ரோடியோ சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வளர்த்தெடுத்த பந்தயம் இது.

கோட்டில் ஒரு மின்னணுக் கண் இருக்கும். குதிரை அதைக் கடந்த நொடியில் கடிகாரம் நின்றுவிடும். குதிரை நிற்குமா? கூட்டம் முழுக்க நேரப் பலகையைப் பார்க்கும்போது நீங்கள் குதிரையைப் பாருங்கள். அறிவியல் அங்கேதான் நடக்கிறது.

பெரிய மைதானத்தில் மூன்றாவது பீப்பாயிலிருந்து கோடு வரை ஏறக்குறைய 155 அடி, அதாவது 47 மீட்டர். வளைவு நெளிவு இல்லாத பாதை. ஓடுவது பெரும்பாலும் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனம். குறுகிய தூரத்தில் சட்டென்று வேகம் எடுப்பதில் பேர்போனது. கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 14 மீட்டர்! குதிரை 500 கிலோ, ஆளும் சேணமும் சேர்ந்து 75 கிலோ; இத்தனையையும் நிறுத்த வேண்டும். ஓடும் பொருளுக்கு உள்ள இயக்க ஆற்றல், வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். அதே பிடியோடு வேகத்தைக் குறைத்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை 6 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 50-ல் ஓடும் குதிரைக்கு 24 மீட்டர் வேண்டும். ஆகவே, கோட்டுக்கு அப்பால் போதிய இடம் விடாத மைதானத்தில் பந்தயமே நடத்தக் கூடாது. எவ்வளவு திறமையான ஆள் ஏறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, பிரேக் எங்கே இருக்கிறது? வாயில் இருக்கிறது, கடிவாளத்தை இழுத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா? கடிவாளத்தின் இரும்பு, பல் இல்லாத ஈறுப் பகுதியில் அழுந்தும். வலி தாங்காமல் குதிரை தலையை மேலே தூக்கும். தலை உயர்ந்தால் முதுகு பள்ளமாகும்; முதுகு பள்ளமானால் பின்னங்கால்கள் உடலுக்குப் பின்னால் இழுபடும். அவைதான் குதிரையின் உண்மையான பிரேக்! அவை வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றினால்தான் பாரம் பின்னால் சாயும். இல்லையென்றால் அத்தனை பாரமும் முன்னங்கால்களில் இறங்கும்.

முன்னங்கால்கள் பாவம். சும்மா நிற்கும்போதே உடல் எடையில் பாதிக்கு மேல் அவைதான் சுமக்கின்றன. நமக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்களுக்கு நடுவே உடல், தசைகளால் ஆன தூளியில் தொங்குகிறது. முன்னங்காலில் முட்டி மாதிரித் தெரிகிறதே, அது உண்மையில் குதிரையின் மணிக்கட்டு. அதற்குக் கீழே சதையே இல்லை என்று சொல்லலாம், எலும்பும் தசைநாண்களும்தான். திடீரென்று மிதித்து நிறுத்தினால் முதலில் அடிபடுவது அந்தத் தசைநாண்கள். அவை ஆற மாதக்கணக்கில் ஆகும்.

அதனால் தேர்ந்த வீராங்கனை முதலில் கையைப் பயன்படுத்துவதில்லை, உடம்பைப் பயன்படுத்துகிறார். விரட்டும்போது முன்னால் சாய்ந்திருந்தவர், கோடு கடந்ததும் சேணத்தில் அழுந்த உட்காருவார். குதிகாலைக் கீழே அழுத்தி, மூச்சை விட்டு, 'ஹோ' என்பார். பிறகுதான் கடிவாளம். அதையும் பிடித்துக்கொண்டே இருக்காமல் இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுப்பார். தளர்த்தும் அந்த நேரத்தில்தான் குதிரை தலையை இறக்கிப் பின்னங்காலை உள்ளே கொண்டுவர முடிகிறது. இந்தப் பழக்கத்தை நடையில் கற்றுக்கொடுப்பார்கள், அப்புறம் பெருநடையில், கடைசியில்தான் பாய்ச்சலில். நடையில் 'ஹோ'வுக்கு நிற்காத குதிரை பாய்ச்சலில் நிற்கப் போவதில்லை.

நேராக ஓட இடம் குறைவென்றால் வட்டமாகத் திருப்புவார்கள். இதிலும் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்ப, குதிரையின் எடையைப் போல் இரண்டு மடங்கு விசையைத் தரை பக்கவாட்டில் கொடுக்க வேண்டும். எந்த மணலும் அதைக் கொடுக்காது. குதிரை வழுக்கி விழும். வேகம் பாதியானால் எடையில் பாதி விசை போதும். எனவே முதலில் வேகத்தைக் குறைத்து, பெரிய வட்டம், பிறகு சிறிய வட்டம், பிறகு நடை. அவசரப்பட்டுத் தலையை ஒரு பக்கம் வெடுக்கென்று திருப்புவதுதான் ஆபத்து.

தரையும் முக்கியம். மணல் மிக ஆழமாக இருந்தால் கால் புதையும், இறுகிக் கிடந்தால் வழுக்கும். பந்தயத்துக்கு நடுவில் டிராக்டர் வந்து மணலைக் கிளறிச் சமன் செய்வது இதற்காகத்தான். சில அரங்குகளில் வாசலைத் தாண்டி நீண்ட நடைவழி இருக்கும். குதிரை அதற்குள் ஓடி நிற்கும். அங்கே வாசல் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த வாசலைப் போன்ற ஆபத்து வேறில்லை.

நின்றதும் கட்டிப்போட்டுவிடக் கூடாது. ஓய்வில் நிமிடத்துக்கு 40 முறைக்கும் குறைவாகத் துடிக்கும் குதிரையின் இதயம் பாய்ச்சலில் 200-ஐத் தாண்டும். மூச்சும் துடிப்பும் இறங்கும்வரை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளி மைதானத்தில் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக ஓடிவந்து, கோட்டை மிதித்த பிறகு நிற்கத் தொடங்குங்கள். எத்தனை அடி தள்ளி நின்றீர்கள் என்று அளந்து குறியுங்கள். அடுத்து முழு வேகத்தில் ஓடிவந்து அளந்து பாருங்கள். நிற்கும்போது உங்கள் இடுப்பு கீழே இறங்குகிறதா, உடம்பு பின்னால் சாய்கிறதா என்று நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள். எதிரே சுவர் இல்லாத இடமாகப் பார்த்து ஓடுங்கள்!