தராசு காட்டாத எடை

கூரியர் நிறுவனங்கள் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு எடைகளைக் கணக்கிடுகின்றன. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று, வால்யூமெட்ரிக் வெயிட் எனப்படும் கன அளவு எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் கிடைக்கும். இந்தியாவில் கூரியர்கள் பரவலாகப் பின்பற்றும் வகுஎண் இதுதான். விமானச் சரக்கில் 6000 என்ற எண் வழக்கில் இருக்கிறது.

வண்டியிலும் விமானத்திலும் இடம் ஓர் அளவுக்குத்தான் உண்டு என்பதே இதற்குக் காரணம். பஞ்சு போன்ற சரக்கை ஏற்றினால், வண்டி தாங்கக்கூடிய எடையில் கால்வாசிகூட ஏறாமலே இடம் நிரம்பிவிடும். டீசலும் ஓட்டுநர் சம்பளமும் குறைவதில்லை. முதலில் விமானச் சரக்கில் வேரூன்றிய இந்தக் கணக்கு, பிறகு சாலைவழிப் பார்சல்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் இரண்டும் 2015 தொடங்கும் தறுவாயில், சிறிய பெட்டிகள் உட்பட எல்லாத் தரைவழிப் பார்சல்களுக்கும் இதை விரிவாக்கின. நம் ஊர் லாரி பார்சல் சர்வீஸ்களிலும் ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு உண்டு.

மதுரை திருநகர்ப் பக்கத்து விற்பனையாளருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அருகிலுள்ள விளாச்சேரி, மண் பொம்மைக்கும் காகிதக்கூழ் பொம்மைக்கும் பெயர்பெற்ற ஊர். விநாயகர் சிலை, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று பண்டிகைதோறும் அங்கே வேலை நடக்கிறது. காகிதக்கூழ் பொம்மை எடையில் குறைவு. அடைக்கும் இடமோ அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கனமும் உள்ள காகிதக்கூழ் பொம்மை ஒன்று. சுற்றிலும் 5 செ.மீ. மெத்தை வைத்தால் பெட்டி 40 × 40 × 70 செ.மீ. ஆகும். கன அளவு 1,12,000. கன அளவு எடை 22.4 கிலோ. தராசில் வைத்தால் எல்லாம் சேர்ந்து 4 கிலோதான் என்றாலும், அரைக் கிலோ படிகளில் கட்டணம் வாங்கும் நிறுவனம் இதை 22.5 கிலோவாகவே எடுத்துக்கொள்ளும். மெத்தையைப் பாதியாக்கி 35 × 35 × 65 பெட்டியில் வைத்தால் 15.93 கிலோ, அதாவது 16 கிலோவுக்குக் கட்டணம். பக்கத்துக்கு 5 செ.மீ. குறைந்ததில் ஆறரைக் கிலோ மிச்சம். எளிதில் உடையும் மண் பொம்மையில் இந்தச் சிக்கனம் ஆகாது. உடைந்து போனால் பொம்மையின் விலையோடு அனுப்பிய செலவும் சேர்ந்து போகும்.

எந்தப் பெட்டியில் எந்த எடை ஜெயிக்கும் என்பதை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம். 5000 என்ற வகுஎண்படி, ஒரு லிட்டர் இடத்துக்கு 200 கிராம் என்பது எல்லைக்கோடு. பெட்டிக்குள் லிட்டருக்கு அதற்குக் குறைவாகச் சரக்கு இருந்தால் கன அளவு எடைக்குக் கட்டணம். கூடுதலாக இருந்தால் தராசு எடைக்கு. 30 × 25 × 20 செ.மீ. பெட்டியில் சிறிய மண் பொம்மைகளை நெருக்கி அடுக்கினால், கன அளவு எடை 3 கிலோதான். தராசு 4 கிலோ காட்டினால் கட்டணம் 4 கிலோவுக்கு. மடித்து அடுக்கிய சுங்குடிச் சேலைகளும் பெரும்பாலும் எல்லைக்கோட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் நிற்கும்.

நீளம் தரும் சிக்கல்

எடை இரண்டும் கட்டுக்குள் இருந்தாலும் சில பார்சல்கள் வேறொரு விதியில் சிக்கும். மடக்குக் கொலுப்படிக்கட்டு அப்படிப்பட்டது. 125 × 45 × 12 செ.மீ. பெட்டிக்குக் கன அளவு எடை 13.5 கிலோ. இரும்புப் படி என்பதால் தராசு 18 கிலோ காட்டலாம். ஆனால் அந்த நீளம் கன்வேயர் பெல்ட்டில் திரும்பாது. இருசக்கர வண்டியில் ஏறாது. இதற்காகவே நிறுவனங்கள் மிக நீண்ட பக்கத்துக்கு ஒரு வரம்பும், நீளத்தோடு சுற்றளவைக் கூட்டிய அளவுக்கு ஒரு வரம்பும் வைத்திருக்கின்றன. இங்கே சுற்றளவு என்பது அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கியது. இந்தப் பெட்டிக்கு அது 114. நீளத்தோடு சேர்த்தால் 239 செ.மீ. வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும், அல்லது பார்சலையே ஏற்கமாட்டார்கள். யுபிஎஸ் வழக்கமான பார்சலுக்கு வைத்திருக்கும் வரம்பு 108 அங்குல நீளம், சுற்றளவும் சேர்த்து 165 அங்குலம், 150 பவுண்டு எடை. மற்ற நிறுவனங்களில் இது மாறும். பொருளை விற்பனைக்குப் போடும் முன்பே அனுப்பப்போகும் நிறுவனத்தின் வரம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அளப்பதும் பதிவதும்

அளவு எடுக்கவேண்டியது டேப் ஒட்டி முடித்த பெட்டியில். வெளிப்பக்கம், அதிலும் புடைத்திருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். உருளை வடிவப் பார்சலையும் அது அடங்கும் சதுரப் பெட்டியாகக் கருதித்தான் கணக்கிடுவார்கள். பின்னங்களை மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்வது பாதுகாப்பு.

விற்பனைத் தளங்களில் பொருளின் எடைக்கு ஒரு கட்டமும், பார்சலின் எடைக்கும் அளவுகளுக்கும் தனிக் கட்டங்களும் இருக்கும். பொம்மையின் எடையைப் பார்சல் கட்டத்தில் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அலகு மாறுவது அதைவிடப் பெரிய நஷ்டம். சென்டிமீட்டர் கேட்கும் இடத்தில் அங்குலத்தை எழுதினால் கன அளவு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். மேலே சொன்ன 22.4 கிலோ, திரையில் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். வாடிக்கையாளரிடம் அதற்கு உரிய தொகையை வாங்கிவிட்டு, முழுக் கட்டணத்தையும் விற்பவர் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரே பொம்மை மூன்று உயரங்களில் விற்கப்பட்டால் மூன்றுக்கும் தனித்தனி அளவு பதிய வேண்டும். இரண்டு பெட்டிகளாகப் போகும் செட்டுக்கு ஒவ்வொரு பெட்டியையும் தனியாகக் கணக்கிட வேண்டும். அட்டைப்பெட்டியின் அளவை மாற்றினால் பதிவையும் அன்றே மாற்றிவிட வேண்டும். பயந்துகொண்டு கூட்டி எழுதுவதும் உதவாது. அனுப்பும் கட்டணத்தைப் பார்த்ததும் வாடிக்கையாளர் வாங்காமல் போய்விடுவார்.

வித்தியாசம் வந்தால்

கூரியர் மையங்களில் பார்சலின் எடையையும் அளவையும் இயந்திரமே பதிவு செய்துகொள்கிறது. விற்பவர் எழுதியதற்கும் இயந்திரம் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் கூடுதல் தொகை கணக்கில் பிடிக்கப்படும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. வாடிக்கையாளர் வாங்க மறுத்துப் பார்சல் திரும்பினால், திரும்பும் பயணத்துக்கும் அதே எடையில் கட்டணம் விழக்கூடும்.

இயந்திரமும் தவறலாம். ஆகவே ஒவ்வொரு பார்சலையும் மூன்று பக்கமும் அளவு டேப் வைத்து, எண்கள் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தராசின் எண்ணும் முகவரிச் சீட்டும் ஒரே படத்தில் வருவது இன்னும் நல்லது. ஆட்சேபம் தெரிவிக்க நிறுவனம் தரும் கெடு சில நாட்கள்தான்; அது கடந்தால் ஆதாரம் இருந்தும் பயனில்லை.

எப்படிச் சுருக்கினாலும் கட்டணம் பொம்மையின் விலையை எட்டிவிடும் பெரிய உருப்படிகளுக்கு லாரி பார்சல் சர்வீஸ் ஒரு வழி. பெரிய, கனத்த கட்டுகளுக்குக் கூரியரைவிட அது மலிவாக அமைவது வழக்கம். பெரும்பாலும் வாடிக்கையாளரே அவர் ஊர் புக்கிங் ஆபீசுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த விவரத்தைப் பொருளின் பக்கத்திலேயே விலைக்கு அருகில் எழுதிவிட்டால், பணம் கட்டிய பிறகு தகராறு வராது.